முன்வரிசை நாற்காலிகளுக்குக் கயிறு

பிளாஸ்டிக் நாற்காலி மனுஷன் முகத்தில் மோதினால் பெரிய சத்தம் வராது. தட்டையாக ஒரு சத்தம், அவ்வளவுதான். கால் ஒடிந்து, ஒடிந்த முனை கன்னத்தில் ஏறும்போது சத்தமே இருக்காது. அடிபட்டவன் கத்துவதுதான் பிறகு கேட்கும். இதை நான் மேடையில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது என் கழுத்தில் பேஸ் கிடார் தொங்கிக்கொண்டிருந்தது.

பாப்பா, போன பங்குனிப் பொங்கலுக்கு நான் மைக் செட் போட்ட இடத்துக்கு நீயும் தம்பியும் வந்திருந்தீர்கள். "எல்லா மைக் செட்காரரும் வந்ததும் ஒயரை இழுக்காவ. நீங்க மட்டும் ஏம்ப்பா முதல்ல முன்வரிசை நாற்காலியை எல்லாம் கயிறு போட்டுக் கட்டுதிய?" என்று கேட்டாய். தம்பி, "ஏன், நாற்காலி ஓடிருமாக்கும்" என்று சிரித்தான். ஓடாது, பறக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. இப்போது எழுதுகிறேன். அடிதடி அதிகம் உள்ள விஷயம், பிள்ளைகளுக்கு இதையா எழுதுவது என்று உங்கள் அம்மா கேட்டாள். அடியைக் குறைத்து எழுதினால் கயிறு எதற்கு என்று உங்களுக்கு விளங்காது.

நான் காலேஜில் இரண்டு வருஷம்தான் படித்தேன். அந்த இரண்டு வருஷமும் எங்களுக்கு ஒரு ராக் பேண்ட் இருந்தது. நான்கு பேர். பெயர்களை எழுத மாட்டேன். எல்லோரும் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள்.

பாட்டுக்காரன், மம்சாபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஊரின் மேலத்தெரு. அந்த வீட்டு ஆண்களில் பாதிப் பேர் பட்டாளம், மீதிப் பேர் போலீஸ், எதிலும் சேராத ஒருத்தன் இவன். டிரம்ஸ் அடித்தவன் அதே ஊரின் கீழத்தெரு. இரண்டு தெருவுக்கும் நடுவில் ஓர் ஓடை, ஒரு டீக்கடை, ஒரு போலீஸ் பூத். எந்தத் தெரு என்ன சாதி என்று நான் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாமல் வளர்ந்த நீங்கள் அப்படியே இருங்கள். ஊரில் அந்த இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. காலேஜில் ஒரே தட்டில் புரோட்டா தின்றார்கள். லீட் கிடார் வாசித்தவன் ராஜபாளையத்துக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் அவனுடையவை என்பதால் எந்தப் பாட்டு வாசிப்பது என்பதை அவன்தான் சொல்வான். நாலாவது ஆள் நான்.

காலேஜ் விழாவில்தான் முதல் மேடை. இங்கிலீஷ் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். பாட்டுக்காரன் தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு பாட ஆரம்பித்ததும் கீழே இருந்து ஒருவன், "ஏலே, தொண்டையில மீன்முள்ளு மாட்டிருக்கு, ரெண்டு உருண்டை சோறை முழுங்கச் சொல்லுங்கலே" என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் தண்ணீர்ப் பாக்கெட் வந்தது. பிறகு செருப்பு. பாட்டுக்காரன் மைக்கோடு கீழே குதித்து, மீன்முள்ளு சொன்னவன் மூக்கில் அந்த மைக்கையே இறக்கினான். டக் என்று ஸ்பீக்கரில் கேட்டது. அவன் கூட்டாளிகள் எங்களை மேடையின் பின்பக்கத்துக்கு இழுத்துப்போய் மிதித்தார்கள். என் இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு இருக்கிறதே, அது அன்றைக்கு விழுந்தது. இனிமேல் காலேஜ் காம்பவுண்டுக்குள் பேண்ட் சத்தம் கேட்கக் கூடாது என்று காலேஜ் நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது டிரம்ஸ்காரன் சொன்னான்: "அடிச்சதுல தப்பே இல்லலே. நாம பாடுனது நமக்கே புரியல. அவனுவளுக்கு எப்படிப் புரியும்?"

வாசித்துப் பழக இடம் இல்லாமல் போனது. டிரம்ஸ்காரன்தான் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனும் அவன் அம்மாவும் ஊரை விட்டு வந்து ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தறி செட்டில் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற விசைத்தறிகள். நூல் மூட்டை அடுக்கும் அறையில் நாங்கள் வாசிக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தறி ஓடும்போது எங்கள் சத்தம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

தறி செட்டுக்குள் நீங்கள் போனதில்லை. காது செவிடாகிவிடும். நூலைச் சுமந்துகொண்டு நாடா என்கிற கட்டை குறுக்கே பாயும், அடுத்த நொடி பலகை வந்து நூலை அடிக்கும். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்பு. சில நேரம் அது தறியை விட்டுத் தெறித்து ஆள் மேல் பாய்ந்துவிடும். டிரம்ஸ்காரனுடைய அம்மாவின் நெற்றியில் ஒரு விரல் வைக்கிற அளவு பள்ளம் இருந்தது. நாங்கள் போன முதல் வாரத்திலேயே ஒரு நாடா தெறித்து லீட் கிடார்காரனின் தோள்பட்டையில் அறைந்தது. அவன் தெலுங்கில் என்னவெல்லாமோ திட்டினான். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே வாயால் பேசிப் பயன் இல்லை. உதடு அசைவதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், இல்லையென்றால் கைதான். மூடிய முஷ்டியைத் தூக்கிக் காட்டினால் தறியை நிறுத்து. உள்ளங்கையை விரித்து முன்னால் தள்ளினால் ஓடட்டும். அவசரம் என்றால் மட்டும் கத்துவார்கள். ஒன்றிரண்டு சொல்தான், அதுவும் அடிவயிற்றிலிருந்து, பலகை அடிக்கிற இடைவெளி பார்த்து.

எங்கள் பாட்டு அங்கேதான் கிடைத்தது. நாங்கள் தேடிப் பிடித்தோம் என்று சொல்ல முடியாது. டிரம்ஸ்காரனால் தறியை மீறி வேறு வேகத்தில் அடிக்க முடியவில்லை, அதனால் தறியோடு சேர்ந்து அடித்தான். பாட்டுக்காரனுக்கு அவன் குரலே கேட்கவில்லை, அதனால் தறி ஓட்டுகிற பெண்கள் கத்துவது போலக் கத்தினான். "அறுந்தா கட்டு, கட்டுனா ஓட்டு" என்று அவர்கள் சொல்கிற சொல்லையே எடுத்துக்கொண்டான். நான் என் காதில் எதையும் கேட்கவில்லை, சுவர் அதிர்வதை முதுகில் வாங்கி வாசித்தேன். லீட் கிடார்காரன் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"இது பாட்டாலே? சண்டை போடுத மாதிரில்ல இருக்கு."

"சண்டைதான்," என்றான் டிரம்ஸ்காரன். "எங்கம்மா தெனமும் போடுத சண்டை."

சில மாதம் கழித்துப் பாட்டுக்காரனின் சித்தப்பா தறி செட்டுக்கே வந்துவிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஊர்த் திருவிழாக் கமிட்டியில் பெரிய ஆள். "போன வருசம் வந்த ஆர்கெஸ்ட்ராக்காரன் ஓடைக்குள்ள குதிச்சு ஓடுனவன் இன்னும் நிக்கலன்னு கேள்வி. பொறவு ஒருத்தனும் வரமாட்டேங்கான். நீங்களாவது வந்து அடிங்கலே. போலீஸ் வெளிச்சத்துலயே முடிக்கச் சொல்லிருக்கு" என்றார்.

அந்த ஆர்கெஸ்ட்ராக்காரன் ஏன் ஓடினான் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் திருவிழாக் கச்சேரிகளில் பாதியில் ஒரு கோரிக்கை வரும். 'நம்மாளு பாட்டு' ஒன்று பாடு என்பார்கள். அந்தத் தெருக்காரர்களின் பெருமையைச் சொல்லும் பாட்டு. பாடினால் எதிர்த்தெரு எழுந்திருக்கும். பாடாவிட்டால் கேட்ட தெரு எழுந்திருக்கும். இரண்டில் எது நடந்தாலும் முதல் அடி மேடையில் இருப்பவனுக்கு.

எங்கள் கணக்கு வேறாக இருந்தது. நாங்கள் ராக் பேண்ட், கீபோர்டு கூட இல்லை, எங்களிடம் போய் யார் அந்தப் பாட்டைக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தோம். பாட்டுக்காரன் அதற்கும் மேலே போனான். "ரெண்டு தெருப் பயலும் ஒரே மேடையில நிக்கோம். ரெண்டு தெருவும் நம்ம பயன்னு நெனைக்கும். எவன் சண்டை போடுவான்?" என்றான். நான்கு பேரும் அதை நம்பினோம்.

டிரம்ஸ்காரனின் அம்மா நம்பவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்ததால் அவர் உதடு மட்டும் அசைந்தது. அதற்குள் எனக்கும் அது படிக்கத் தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்காரர் அந்த ஊரில் கொட்டு அடித்தவர். மேலத்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வந்து கூப்பிடும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போக வேண்டும். ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை என்று ஓடைக்கரையில் போட்டு அடித்தார்கள். அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மகன் கையில் அந்தக் கொட்டுக் கம்பு வரக் கூடாது என்றுதான் அந்த அம்மா ராஜபாளையத்துக்கு வந்தது.

"அந்த ஊர்ல போய் நீ அடிக்கவா நான் இங்க வந்தேன்?"

"அது கொட்டு இல்லம்மா, டிரம்ஸ். நான் எனக்காக அடிக்கப் போறேன்."

"அவிய அடின்னு சொன்னா என்னல செய்வ?"

அவன் முஷ்டியை மூடி உயர்த்திக் காட்டினான். நிறுத்திவிடுவேன் என்று அர்த்தம். அந்த அம்மா அந்த முஷ்டியைப் பார்த்துவிட்டு அறுந்த நூலைக் கட்டப் போய்விட்டார்.

கச்சேரி அன்று சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டோம். வலது பக்கம் மேலத்தெரு, இடது பக்கம் கீழத்தெரு, நடுவில் லத்தியோடு போலீஸ். முதல் பாட்டுக்குப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், இளவட்டங்கள் இரண்டு பக்கமும் ஆடினார்கள். "என்னலே இது, நெல்லு மிஷின்ல பூனை மாட்டுன மாதிரி" என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. இரண்டாவது பாட்டும் முடிந்தது.

அப்போது சித்தப்பா மேடையேறி வந்தார். நல்ல வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அண்ணன் மகன் தோளில் கை போட்டார்.

"போதும்லே இந்தக் கூத்து. நம்ம பாட்டு ஒண்ணு பாடு."

"எனக்குத் தெரியாது சித்தப்பா."

"தொட்டில்ல கெடக்கையில இருந்து கேட்ட பாட்டு. தெரியாதா? நீ பாடு, அவன் அடிக்கட்டும்." டிரம்ஸ் பக்கம் தாடையை ஆட்டினார். "அவன் அப்பன் எம்புட்டு அடிச்சிருக்கான் நமக்கு. அதே கைதான."

மைக் திறந்திருந்தது. இரண்டு தெருவுக்கும் கேட்டுவிட்டது. இன்றைக்கு நான் சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு விரல் எப்போதும் மைக்கை அடைக்கத் தயாராக இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

டிரம்ஸ்காரன் எழுந்து நின்றான். "நான் அடிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான்.

மேலத்தெருப் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாட்டேன் என்று சொன்னதற்கு மட்டும் இல்லை. அவன் அப்பா அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பார்.

"அண்ணாச்சியாலே நான் ஒனக்கு?" என்றார் சித்தப்பா, மெதுவாக.

அவன் முஷ்டியைக் காட்டுவான், வயரைப் பிடுங்கிவிட்டு நாலு பேரும் பின்பக்கமாக ஓடலாம் என்று நான் காத்திருந்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். உள்ளங்கையை விரித்து முன்னால் தள்ளினான். ஓடட்டும்.

அடித்தான். தறி அடிக்கிற அதே அடி. ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே என் விரல் சேர்ந்துகொண்டது. பாட்டுக்காரன் சித்தப்பாவின் கையை உதறி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, "அறுந்தா கட்டு" என்று கத்தினான். டிரம்ஸ் அடியில் என் நெஞ்செலும்பு ஆடியது. தறி செட்டுக்கு வெளியே, தறி இல்லாமல், நாங்களே தறியாக வாசித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் இரண்டு தெருவும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது எந்தத் தெருப் பாட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் நல்ல பேண்ட்.

சித்தப்பா பாட்டுக்காரனைத் திருப்பி வாயில் அறைந்தார். மோதிரக் கை. அறையும் ஸ்பீக்கரில் கேட்டது, பல் மைக்கில் பட்டதும் கேட்டது. அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த வரியைப் பாடினான். அதுதான் மேலத்தெருவால் தாங்க முடியவில்லை. முன்வரிசையிலிருந்து முதல் நாற்காலி எழும்பியது. அது எங்களைத் தாண்டிப்போய் இடது பக்கம், ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் முகத்தில் விழுந்தது. நான் முதலில் எழுதியது அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

பிறகு எல்லாம் நாற்காலி. வானத்தில் பறவை போவது மாதிரி போனது. கீழத்தெருப் பையன்கள் டியூப் லைட்டைப் பிடுங்கி மண்டையில் உடைத்தார்கள், கண்ணாடித் தூள் வெள்ளையாகப் பறந்தது. ஒருவன் வேலிக் கம்பைப் பிடுங்கும்போது அவன் உள்ளங்கைத் தோல் கிழிந்து தொங்கியது. அவன் அதைக் கவனிக்காமல் அடித்தான். லீட் கிடார்காரன் கிடாரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பின்பக்கம் குதித்து ஓடினான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். விடிந்ததும் அப்பாவின் காரோடு ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான்.

மேடைக்கு ஏறியவர்கள் டிரம்ஸை உதைத்துச் சரித்தார்கள். டிரம்ஸ்காரன் கீழே விழுந்தான். ஒருவன் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து மேடைப் பலகையில் வைத்தான். "இந்தக் கைதான" என்று கேட்டான், காய்கறி வாங்குகிறவன் கேட்பது மாதிரி. பூட்ஸ் காலால் மிதித்தான். நான் டிரம்ஸ்காரன் கையின் மேல் என் கையைப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. இரண்டாவது மிதி இரண்டு கைக்கும் சேர்ந்து விழுந்தது. என் சுண்டுவிரல் உள்ளே உடைவது பச்சைக் குச்சி முறிகிற மாதிரி இருந்தது. பாட்டுக்காரன் வாயெல்லாம் ரத்தத்தோடு பாய்ந்து, சொந்தத் தெருக்காரனின் காதைக் கடித்துவிட்டான். அதற்கப்புறம்தான் போலீஸ் மேடைக்கு வந்தது. வந்தவர்கள் யார் எவர் என்று பார்க்கவில்லை. எனக்கும் முதுகில் விழுந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். டிரம்ஸ்காரனுக்கு முழங்கை வரை மாவுக்கட்டு. அவன் அம்மா கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அந்தக் கட்டுத்துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தறித் துணி என்று பார்த்தார் போல.

மறுநாள் சித்தப்பா ஆப்பிள் பையோடு வந்தார். சட்டையில் கறை இல்லை. அண்ணன் மகன் கட்டிலைத் தாண்டி, டிரம்ஸ்காரன் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"கேஸு கீஸுன்னு வேண்டாம். ரெண்டு பக்கமும் பயலுவ உள்ள போயிருவானுவ. ஒரே ஒரு தரம் அடிச்சிருந்தான்னா முடிஞ்சிருக்கும். இவனுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" என்றார்.

அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. தறி செட்டில் பேசிய குரல். வார்டே திரும்பிப் பார்த்தது.

"எங்க வீட்டுக்காரரும் ஒரே ஒரு தரம்னுதான் அண்ணாச்சி ஆரம்பிச்சாரு."

அவரும் அண்ணாச்சி என்றுதான் சொன்னார். பிறகு ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சித்தப்பா கிளம்பிவிட்டார். போகும்போது பையை எடுத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே கிடந்து அழுகியது.

"ஏலே," என்று பாட்டுக்காரன் வீங்கிய உதட்டோடு கூப்பிட்டான். முன்பல் இரண்டும் இல்லாததால் காற்றாக வந்தது. "நிறுத்துன்னுதான காட்டுவேன்னு சொன்ன. ஏம்ல ஓடட்டும்னு காட்டுன?"

டிரம்ஸ்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நிறுத்துனா, அவிய சொல்லி நிறுத்துன மாதிரில்ல ஆயிரும்."

டிரம்ஸ்காரனும் அவன் அம்மாவும் கேஸ் கொடுத்தார்கள். பல வருஷம் இழுத்து ஒன்றுமில்லாமல் போனது. பாட்டுக்காரனை வீட்டில் சேர்க்கவில்லை. அவன் கொஞ்ச காலம் தறி செட்டு நூல் அறையில்தான் படுத்துக்கிடந்தான், அந்த அம்மா சோறு போட்டார். மாவுக்கட்டு பிரித்த பிறகு நாங்கள் இன்னும் சில மேடைகள் ஏறினோம். டிரம்ஸ்காரன் இடது கையால் அடித்தான், வலது கை தாளத் தட்டைப் பிடித்து அடக்க மட்டும். பல் இல்லாத வாயால் பாட்டுக்காரன் பாடினான். யாரும் செருப்பு எறியவில்லை. நான் படிப்பை விட்டுவிட்டு மைக் செட்டுக்காரர் ஒருவரிடம் சேர்ந்தேன். பேண்ட் மெல்ல நின்றுபோனது, அதற்குச் சண்டை எதுவும் காரணமில்லை. நாலு பேருக்கும் பிழைப்பு வந்தது.

உங்களுக்கு டிரம்ஸ்காரனைத் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்போடு வீட்டுக்கு வருகிற மாமாதான். இன்றைக்கு அதே தறி செட்டில் அவன் மேஸ்திரி. அந்த வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை, முஷ்டி மூட வராது. ஆனாலும் வேலை நேரத்தில் பழக்க தோஷத்தில் அதைத்தான் தூக்குவான். நிறுத்தச் சொல்லித் தூக்குகிற கை விரிந்தபடியே நிற்கும், தறிக்காரப் பெண்கள் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். "மேஸ்திரிக்கு நிறுத்தச் சொல்லத் தெரியாது" என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே நடந்து போய்ச் சுவிட்சை அணைப்பான்.

நான் நாற்காலியைக் கட்டுகிற முடிச்சு அவன் அம்மா அறுந்த நூலுக்குப் போடுகிற முடிச்சு. இழுத்தால் இறுகும். தம்பி, நீ அன்றைக்கு விளையாட்டுக்கு ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாய், வரவில்லை. அடுத்த கச்சேரிக்கு நீங்கள் இருவரும் சீக்கிரமே வாருங்கள். போட்டுக் காட்டுகிறேன்.